வாயு விரியும்போது செய்யும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பீடோரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்துக்கு வந்து இயற்பியல் படிக்கும் ஆறாம் படிவ மாணவர்கள், வாயுக்களின் வெப்ப இயக்கவியலை எட்டியவுடன் ஏறத்தாழ ஒரே வரிசையில் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பாடத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துவிட்டு ஐயத்தை மட்டும் தமிழில் கேட்கும் அந்தப் பிள்ளைகளுக்காக, கேள்விகளையும் கரும்பலகையில் நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேறுவிதமாகக் குறிப்பிடாத இடங்களில் வாயு என்பது நல்லியல்பு வாயுவையே, அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளும் எளிய வாயுவையே குறிக்கும்.

வாயு வேலை செய்கிறது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒரு விசை ஒரு பொருளைத் தன் திசையிலேயே நகர்த்தினால் அந்த விசை வேலை செய்தது என்கிறோம். உருளைக்குள் அடைபட்ட வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் அந்தத் தள்ளுவிசை கிடைக்கும். பிஸ்டன் சிறிது தூரம் நகரும்போது விசையைத் தூரத்தால் பெருக்குகிறோம். பரப்பும் தூரமும் சேர்ந்தால் அதுவே கன அளவில் கூடிய பங்கு என்பதால், செய்யப்பட்ட வேலை அழுத்தத்துக்கும் கன அளவு மாற்றத்துக்கும் உள்ள பெருக்கமாகச் சுருங்கிவிடுகிறது. கிலோபாஸ்கலை லிட்டரால் பெருக்கினால் நேராக ஜூலில் விடை வரும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் பத்தின் அடுக்குகளோடு போராட வேண்டியிருக்காது.

வகுப்புக்கு நான் கொண்டுவரும் கருவி மருந்துக்கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சு ஒன்றுதான். அதன் முனையைப் பசையால் அடைத்து, உள்தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, 20 மில்லிலிட்டர் கோட்டில் தண்டை நிறுத்தி, 80 பாகை செல்சியசு வெந்நீரில் அமிழ்த்துவேன். 28 பாகையில் இருந்த காற்று சூடாகச் சூடாகத் தண்டு மெல்ல ஏறும். உராய்வே இல்லையென்றால் ஏறத்தாழ 23.5 கோட்டில் போய் நிற்க வேண்டும், என்னுடைய சிரிஞ்சில் 23-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. வெளியே 101 கிலோபாஸ்கல் வளிமண்டல அழுத்தம் இருக்க, கன அளவு 0.0035 லிட்டர் கூடியதால் காற்று செய்த வேலை 0.35 ஜூல். முப்பத்தைந்து கிராம் எடையுள்ள ஒரு பொருளை ஒரு மீட்டர் உயர்த்த அது போதும். அற்பமான அளவுதான், ஆனால் தண்டு நகர்வதைக் கண்ணால் பார்த்தவர்கள், வாயு எதையாவது பின்னுக்குத் தள்ளினால்தான் வேலை நடக்கும் என்பதை மறப்பதில்லை.

ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே அளவு விரிந்தாலும் வேலை ஏன் வேறுபடுகிறது?

இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது என்பேன். பீடோரிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்குப் போகத் தாப்பா வழியாக ஏறும் பழைய சாலையும் உண்டு, சிம்பாங் பூலாய் வழியாகச் சுற்றிப் போகும் சாலையும் உண்டு. எந்த வழியில் போனாலும் நீங்கள் ஏறியிருக்கும் உயரம் ஒன்றுதான். வண்டி குடித்த பெட்ரோல் மட்டும் ஒன்றல்ல. வாயுவின் அக ஆற்றல், அதாவது அதன் மூலக்கூறுகளின் அசைவாக உள்ளே இருக்கும் ஆற்றல், அந்த உயரத்தைப் போன்றது, நிலையைச் சொன்னால் போதும், அளவைச் சொல்லிவிடலாம். வேலை பெட்ரோலைப் போன்றது, வந்த வழியைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. 'இந்த வாயுவிடம் எவ்வளவு வேலை இருக்கிறது' என்று கேட்பதே பொருளற்ற கேள்வி.

இதை எண்களில் காட்ட, ஒரு மோல் நைட்ரசனை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 300 கெல்வின், அழுத்தம் 400 கிலோபாஸ்கல், கன அளவு 6.24 லிட்டர். கன அளவு இருமடங்காகி 12.47 லிட்டர் ஆகும்வரை அதை விரியவிடுகிறோம். அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டால் வேலை 2494 ஜூல். வெப்பநிலை குறையாமல் பார்த்துக்கொண்டால் 1729 ஜூல். வெப்பமே உள்ளே வராதபடி மூடிவிட்டு மெதுவாக விரியவிட்டால் 1510 ஜூல். எதிரே ஒன்றுமே இல்லாத வெற்றிடத்துக்குள் திறந்துவிட்டால் சுழியம்.

இவற்றில் இரண்டாவதும் நான்காவதும் கூர்ந்து பார்க்க வேண்டியவை. இரண்டிலும் வாயு கடைசியில் 300 கெல்வின், 200 கிலோபாஸ்கல், 12.47 லிட்டர் என்ற அதே நிலைக்குத்தான் வந்து சேர்கிறது. புறப்பட்ட இடமும் ஒன்று, போய்ச் சேர்ந்த இடமும் ஒன்று; ஒரு வழியில் 1729 ஜூல், மற்றொரு வழியில் ஒன்றுமில்லை.

அழுத்தம்-கன அளவு வரைபடத்தின் அடியிலுள்ள பரப்பே வேலை என்பது எப்படி?

விரிவைச் சின்னஞ்சிறு அடிகளாக நறுக்கினால், ஒவ்வோர் அடியிலும் அழுத்தம் ஏறக்குறைய மாறாது. அந்த அடியில் செய்த வேலை ஒரு மெல்லிய செவ்வகம். எல்லாச் செவ்வகங்களையும் கூட்டினால் கோட்டின் அடியிலுள்ள முழுப் பரப்பு கிடைக்கிறது, தொகையீடு என்று கணிதத்தில் படிப்பதும் இதைத்தான். 1790களில் ஜேம்ஸ் வாட்டின் தொழிற்கூடத்தில் ஜான் சதர்ன் என்பவர் நீராவி எந்திரத்தின் உருளையோடு ஒரு பென்சிலை இணைத்து, எந்திரம் ஓடும்போதே இந்த வரைபடத்தைத் தாளில் வரைய வைத்தார். பரப்பை அளந்து எந்திரத்தின் ஆற்றலைக் கணக்கிடும் அந்த உத்தி நெடுங்காலம் தொழில் மறையாகக் காக்கப்பட்டது. பிரெஞ்சுப் பொறியாளர் கிளாப்பெரோன் 1834-இல், வெப்ப எந்திரங்களைப் பற்றிய கார்னோவின் கருத்துகளை விளக்க இதே வரைபடத்தைக் கையாண்ட பிறகுதான் இது பாடநூல்களுக்கு வந்தது.

வாயு விரிந்து, பிறகு சுருங்கி, தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் வரைபடத்தில் ஒரு கண்ணி உண்டாகும்; கண்ணிக்குள் அடைபட்ட பரப்பு நிகர வேலை. கண்ணி வலஞ்சுழியாகச் சென்றால் வாயு நமக்கு வேலை செய்தது, இடஞ்சுழியாகச் சென்றால் நாம் வாயுவுக்குச் செய்தோம்.

அழுத்தம் மாறா விரிவில் கொடுத்த வெப்பம் முழுவதும் வேலையாகிறதா?

இல்லை. மேலே சொன்ன நைட்ரசனை 400 கிலோபாஸ்கலிலேயே வைத்து இருமடங்காக்க வேண்டுமானால் வெப்பநிலையையும் 600 கெல்வினுக்கு இருமடங்காக்க வேண்டும். அதற்கு உள்ளே செலுத்த வேண்டிய வெப்பம் 8730 ஜூல். அதில் 6236 ஜூல் அக ஆற்றலாக உள்ளேயே தங்கிவிடுகிறது, 2494 ஜூல்தான் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் போகிறது. காற்று, நைட்ரசன், ஆக்சிசன் போன்ற ஈரணு வாயுக்களுக்கு இந்தப் பங்கீடு எப்போதும் ஏழில் ஐந்து உள்ளே, ஏழில் இரண்டு வெளியே. ஹீலியம், ஆர்கான் போன்ற ஓரணு வாயுக்களில் மூலக்கூறு சுழல்வதற்கென்று ஆற்றலைச் செலவிடாததால் ஐந்தில் இரண்டு பங்கு வேலையாகிறது. இதிலிருந்தே அழுத்தம் மாறா வெப்ப ஏற்புத்திறன் கன அளவு மாறா வெப்ப ஏற்புத்திறனைவிட ஏன் பெரியது என்பதும் புரிந்துவிடும்: முதலாவதில் சூடேற்றுவதோடு பிஸ்டனுக்கும் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு மோலுக்கும் ஒரு கெல்வினுக்கும் அந்தக் கூலி சரியாக 8.314 ஜூல், அதாவது வாயு மாறிலி.

கன அளவு மாறா நிகழ்வில்?

வேலை சுழியம். பிஸ்டன் நகரவில்லை. அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் இதுதான் விடை.

வெப்பநிலை மாறா நிகழ்வும் வெப்பம் மாறா நிகழ்வும் ஒன்றுதானே?

தமிழில் படிக்கும்போது விழும் குழி இது. 'நிலை' என்ற இரண்டு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இயற்பியலில் இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர். வெப்பநிலை மாறா விரிவில் வெப்பம் தாராளமாக உள்ளே வருகிறது. வருவதால்தான் வெப்பநிலை விழாமல் நிற்கிறது. வெப்பம் மாறா விரிவில் வெப்பம் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. வராததால்தான் வெப்பநிலை விழுகிறது. பிந்தியதை 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு' என்று எழுதும் வழக்கத்தையே நான் விரும்புகிறேன், சற்று நீளம்தான், ஆனால் ஏமாற்றாது. இனி அப்படியே எழுதுகிறேன்.

வெப்பநிலை மாறா விரிவின் வாய்பாட்டில் மடக்கை எங்கிருந்து வந்தது?

வெப்பநிலை மாறாதபோது அழுத்தமும் கன அளவும் போயிலின் விதிப்படி எதிர்விகிதத்தில் நடக்கின்றன. கன அளவு இருமடங்கானால் அழுத்தம் பாதியாகிறது. 6 லிட்டரிலிருந்து 12 லிட்டருக்கு விரியும்போது செய்யும் வேலையும், 12-லிருந்து 24-க்கு விரியும்போது செய்யும் வேலையும் சமம். ஏனென்றால் இரண்டாவது விரிவில் தூரம் இருமடங்கு, தள்ளும் அழுத்தமோ ஒவ்வொரு கட்டத்திலும் பாதி. ஒவ்வொரு முறை இருமடங்காகும்போதும் அதே 1729 ஜூல்தான் கிடைக்கிறது. பெருக்கத்தைக் கூட்டலாக மாற்றும் கணிதச் சார்பு மடக்கை ஒன்றுதான் என்பதால், வாய்பாட்டில் அது வந்து உட்கார்ந்தே தீர வேண்டும். மோல் எண்ணிக்கை, வாயு மாறிலி, கெல்வின் வெப்பநிலை ஆகிய மூன்றின் பெருக்கத்தை, இறுதிக் கன அளவைத் தொடக்கக் கன அளவால் வகுத்து வரும் எண்ணின் இயல் மடக்கையால் பெருக்கினால் வேலை. இரண்டின் இயல் மடக்கை 0.693, 2494-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள்.

இங்கே மற்றொரு ஐயமும் எழும். அக ஆற்றல் மாறவில்லை, உள்ளே வந்த வெப்பம் முழுவதும் வேலையாகிவிட்டது. வெப்பத்தை முழுவதும் வேலையாக்க முடியாது என்று வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்கிறதே? இரண்டாம் விதி சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடியும் எந்திரத்தைப் பற்றியது. நம்முடைய வாயு ஒரே ஒரு முறை விரிந்து, முன்பைவிடப் பெரிதாக நிற்கிறது. அதைப் பழைய கன அளவுக்குக் கொண்டுவர நாம் வேலை கொடுக்க வேண்டும் என்னும்போது விதி தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

வெப்பமே வெளியேறாதபோது வாயு எப்படிக் குளிர்கிறது?

பிஸ்டனைத் தள்ளுவதற்கான ஆற்றல் எங்கிருந்தாவது வர வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் வராதபோது வாயு தன் கைம்முதலிலிருந்து, அதாவது அக ஆற்றலிலிருந்து, எடுத்துச் செலவழிக்கிறது. மூலக்கூறு அளவில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நின்றுகொண்டிருக்கும் லோரியின் பின்பலகையில் பந்தை எறிந்தால் ஏறக்குறைய எறிந்த வேகத்தில் திரும்பி வரும். லோரி உங்களைவிட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தால் பந்து வேகம் குறைந்து திரும்பும். பின்வாங்கும் பிஸ்டனில் மோதும் ஒவ்வொரு மூலக்கூறும் அப்படித்தான் சற்று வேகம் இழந்து திரும்புகிறது. மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைத்தான் வெப்பநிலை என்கிறோம் என்பதால், வாயு குளிர்ந்துவிடுகிறது.

கணக்கிடும் வழிகள் இரண்டு. தொடக்க அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி, அதிலிருந்து இறுதி அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கியதைக் கழித்து, காமாவிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் வகுக்கலாம். காமா என்பது இரண்டு வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம், ஈரணு வாயுவுக்கு 1.4, ஓரணு வாயுவுக்கு 1.67. அல்லது வெப்பநிலை வீழ்ச்சியை மோல் எண்ணிக்கையாலும் கன அளவு மாறா வெப்ப ஏற்புத்திறனாலும் பெருக்கலாம். நம் நைட்ரசன் இருமடங்காகும்போது வெப்பநிலை 300-லிருந்து 227 கெல்வினுக்கு, அதாவது உறைபனிக்குக் கீழே 46 பாகைக்கு விழுகிறது. அழுத்தம் 152 கிலோபாஸ்கலுக்கு இறங்குகிறது. எந்த வழியில் போட்டாலும் 1510 ஜூல்தான் வரும். எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும், ஏனென்றால் அதில் பணம் எந்தப் பையிலிருந்து போனது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

அதே விரிவை ஹீலியத்தில் செய்தால் கிடைப்பது 1384 ஜூல்தான். கைம்முதல் குறைவாக உள்ள வாயு விரைவில் குளிர்ந்து, அழுத்தத்தையும் விரைவில் இழந்துவிடுகிறது.

டீசல் எந்திரம் இதற்கு நேர்மாறானது. செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிச் செல்லும் லோரியின் எந்திரத்தில் தீப்பொறிச் செருகி கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காகத் திடீரென்று அழுத்தினால், 300 கெல்வினில் இருந்த காற்று கணக்கின்படி 950 கெல்வினைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டில் டீசல் தெளிக்கப்பட்டதும் தானாகவே பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு விரியும் சூடான வாயு, அழுத்தியபோது வாங்கியதைவிட அதிக வேலையைத் திருப்பித் தருகிறது.

அன்னதானத்தில் கேஸ் தோம்பு வியர்ப்பதும் இதனால்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆண்டே இல்லை, ஆம் என்று விடையளிக்காத மாணவரும் அரிது. ஆனால் விடை இல்லை என்பதுதான். திருவிழா நாளில் பெரிய அடுப்புகள் இரண்டு மணி நேரம் எரிந்த பிறகு 14 கிலோ தோம்பைப் பார்த்தால், அதன் கீழ்ப்பாதியில் மட்டும் நீர்த்துளிகள் பூத்திருக்கும், சில சமயம் வெண்பனியே படிந்திருக்கும், மேல்பாதி உலர்ந்திருக்கும். நடுவே கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை தெரியும். அந்தக் கோடு உள்ளேயிருக்கும் திரவத்தின் மட்டம்.

தோம்புக்குள் இருப்பது பெரும்பாலும் திரவமாக்கப்பட்ட புரோப்பேனும் பியூட்டேனும். வாயு வெளியேற வெளியேறத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்புகிறது. ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறத்தாழ 350 முதல் 400 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். அதைத் திரவமே தன்னிடமிருந்தும் தோம்பின் இரும்பிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வாயு விரிந்ததால் மட்டும் குளிர்ந்திருந்தால் மேல்பாதியும் வியர்த்திருக்க வேண்டும். உண்மையான விரிவுக் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் மோட்டார் சைக்கிள் டயரின் வால்வை ஊசியால் அழுத்திக் காற்றை இறக்கிப் பாருங்கள். உள்ளே எஞ்சியிருக்கும் காற்று, வெளியேறும் காற்றைத் தள்ளி வேலை செய்தபடியே விரிகிறது. திரவம் எதுவும் இல்லாமலே வால்வு சில்லிட்டுவிடும்.

வினாவில் 'மெதுவாக' என்றும் 'திடீரென' என்றும் வருவது எதற்கு?

அவை அலங்காரச் சொற்கள் அல்ல, மறைமுகமான தரவுகள். வெப்பம் சுவரைக் கடந்து வரக் காலம் வேண்டும். உலோக உருளையில் வாயு மெதுவாக விரிந்தால் வெளியிலிருந்து வெப்பம் வந்து ஈடுகட்ட நேரம் இருக்கிறது, அதை வெப்பநிலை மாறா விரிவாகக் கொள்ளலாம். திடீரென விரிந்தால் வெப்பம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, அதை வெப்பப் பரிமாற்றமில்லா விரிவாகக் கொள்ள வேண்டும். மெதுவாக விரிந்தாலும் சுவர் வெப்பம் கடத்தாததாக இருந்தால் அதுவும் வெப்பப் பரிமாற்றமில்லா விரிவே.

ஓர் ஆண்டு, தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில், 'வெப்பம் கடத்தாத உருளையில் மெதுவாக' என்ற வினாவின் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு நான் மடக்கை வாய்பாட்டைக் கரும்பலகை நிறைய எழுதிவிட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "சார், வெப்பம் எந்த வழியா உள்ள வந்துச்சு?" என்று கேட்ட பிறகுதான் விழித்துக்கொண்டேன். அன்று முதல் வாய்பாட்டைத் தேடுவதற்கு முன் இரண்டே கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன்: பிஸ்டனுக்கு அந்தப் பக்கம் எதிர்த்து நிற்பது எது, வெப்பம் உள்ளே வர வழி உண்டா.

உண்மையான எந்திரங்களில் விரிவு இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதாகவே இருக்கும். அப்போது காமாவின் இடத்தில் ஒன்றுக்கும் 1.4-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணைப் பொறியாளர்கள் அளந்து போட்டுக்கொள்கிறார்கள். வாய்பாட்டின் வடிவம் மாறாது.

கணக்கில் போட வேண்டியது உள்ளழுத்தமா, வெளியழுத்தமா?

மெதுவான மீள் விரிவில், அதாவது எந்தக் கட்டத்திலும் பின்னோக்கித் திருப்பக்கூடிய விரிவில், இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால் கேள்வியே எழாது. பிஸ்டனின் பூட்டைச் சட்டென்று எடுத்துவிட்டால் எழும். அப்போது உள்ளே அழுத்தம் இடத்துக்கு இடம் வேறுபட்டுக் கொந்தளிப்பதால் அதை ஓர் எண்ணால் சொல்லவே முடியாது; வெளியே எதிர்த்து நிற்கும் அழுத்தத்தைத்தான் போட வேண்டும். நம் நைட்ரசனை 200 கிலோபாஸ்கல் நிலையான வெளியழுத்தத்துக்கு எதிராக இருமடங்காக விரியவிட்டு, வெப்பநிலை மீண்டும் 300 கெல்வினுக்கு வரும்வரை காத்திருந்தால், கிடைத்த வேலை 1247 ஜூல். மெல்ல மெல்ல எதிர்ப்பைக் குறைத்துக்கொண்டே வந்தபோது கிடைத்த 1729 ஜூலோடு ஒப்பிட்டால், அவசரத்தின் விலை 482 ஜூல்.

வெற்றிடத்துக்குள் விரியும்போது வேலை சுழியம் என்பதை நம்ப முடியவில்லையே?

எதிர்த்து நிற்க ஒன்றுமில்லாத இடத்தில் எதைத் தள்ளுவது? ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1845-இல் இரண்டு செப்புக் கலன்களைக் குழாயால் இணைத்து, ஒன்றில் அழுத்திய காற்றை நிரப்பி, மற்றொன்றை வெற்றிடமாக்கி, இரண்டையும் நீருக்குள் வைத்து நடுவிலிருந்த அடைப்பைத் திறந்தார். காற்று இரண்டு கலன்களிலும் பரவியது. நீரின் வெப்பநிலையில் மாற்றம் எதையும் அவரால் காண முடியவில்லை. வேலை சுழியம், வெப்பம் சுழியம், ஆகவே அக ஆற்றலில் மாற்றமும் சுழியம். பிற்பாடு வில்லியம் தாம்சனோடு சேர்ந்து, நுண்துளை அடைப்பின் வழியே வாயுவைச் செலுத்திச் செய்த ஆய்வுகளில், உண்மையான வாயுக்கள் சிறிதளவு குளிர்வதை அவரே கண்டார். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதை மீறிப் பிரிய வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

தேர்வில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெப்பம் பரிமாறவில்லை என்பதால் காமா வாய்பாட்டைப் போட்டு வெப்பநிலை வீழ்ச்சி கண்டுபிடிக்கத் தோன்றும். அந்த வாய்பாடு ஒவ்வொரு நொடியும் வாயு சமநிலையில் இருந்தபடி விரியும் நிகழ்வுக்கு உரியது. வெற்றிடத்துக்குள் பாயும் வாயுவுக்கு அது பொருந்தாது.

இயற்பியல் ஆசிரியர் கழிக்கச் சொல்கிறார், வேதியியல் ஆசிரியர் கூட்டச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சரி. இயற்பியலில் வாயு செய்த வேலையை நேர்க்குறியாகக் கொண்டு, அக ஆற்றல் மாற்றம் வெப்பத்திலிருந்து வேலையைக் கழித்தது என்கிறோம். வேதியியலில் வாயுவின்மீது செய்யப்பட்ட வேலையை நேர்க்குறியாகக் கொண்டு, வெப்பத்தோடு கூட்டுகிறோம். விடைத்தாளின் முதல் வரியில் எந்த மரபைப் பின்பற்றுகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

கேமரன் மலையில் மட்டும் ஏன் எப்போதும் மேகம்?

ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரியும்போது சுற்றியுள்ள காற்றைத் தள்ளி வேலை செய்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் இது கிட்டத்தட்ட வெப்பப் பரிமாற்றமில்லா விரிவு. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் 9.8 பாகை குளிரும். ஏறத்தாழ 1440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறினால் 14 பாகை குளிர வேண்டும். ஒரு கிலோ காற்று வழியில் செய்யும் வேலை ஏறத்தாழ 10 கிலோஜூல். ஆனால் நண்பகலில் பீடோரில் 32 பாகை என்றால் தானா ராத்தாவில் 22 அல்லது 23 தான் இருக்கிறது, வித்தியாசம் 14 இல்லை. குளிரும் வழியில் நீராவி துளிகளாகி மேகமாகும்போது தன் உள்ளுறை வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதால் குளிர்ச்சி மட்டுப்படுகிறது.

தோட்டத்து எண்ணெய் ஆலையில் இந்தப் பாடம் எங்கே இருக்கிறது?

ஆலையின் நடுவிலேயே இருக்கிறது. குலையிலிருந்து பிரித்த நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துக் கொதிகலனில் ஏறத்தாழ 20 பார் அழுத்தத்தில் நீராவி உண்டாக்குகிறார்கள். பழக்குலைகளை அவிக்கும் கலனுக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. வளிமண்டலத்துக்கு மேல் 3 பார், ஏறத்தாழ 140 பாகை செல்சியசு போதும். இடையிலுள்ள அழுத்த வீழ்ச்சியை வீணாக்காமல் நீராவியை ஒரு டர்பைன் வழியாக விரியவிட்டு, ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே நம் பிஸ்டன் வாய்பாடுகள் அப்படியே பொருந்தா. நீராவி அடைபட்டு நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே நுழையும்போது பின்னால் வரும் நீராவி அதைத் தள்ளுகிறது, வெளியேறும்போது அது முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது. இந்தத் தள்ளுகளையும் அக ஆற்றலோடு சேர்த்த கூட்டுத்தொகைக்கு வெப்ப அடக்கம் என்று பெயர், அதன் வீழ்ச்சிதான் டர்பைனுக்குக் கிடைக்கும் வேலை. மேலும், நீராவி நல்லியல்பு வாயுவும் அல்ல, ஆகவே காமாவை மறந்துவிட்டு நீராவி அட்டவணையைப் பார்க்க வேண்டும். தனி அழுத்தம் (வெற்றிடத்திலிருந்து அளந்தது) 20 பாரில் உள்ள உலர்ந்த நிறைநீராவி ஒரு கிலோ, இழப்பே இல்லாமல் 4 பாருக்கு, அதாவது வளிமண்டலத்துக்கு மேல் 3 பாருக்கு, விரிந்தால் ஏறத்தாழ 290 கிலோஜூல் வேலை தரும் என்று அட்டவணை சொல்கிறது. ஆலைகளில் ஓடும் சிறிய டர்பைன்கள் அதில் ஒரு பங்கைத்தான் எடுக்கின்றன.

டர்பைன் பழுதாகி நின்றுவிட்டால் குலை அவிப்பது நிற்பதில்லை. அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைத் திறந்து, அதே நீராவியை அதே 3 பாருக்கு இறக்கி, அதே கலனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வால்வின் குறுகிய வாயில் பீறிட்டுச் செல்லும் நீராவி எந்தச் சக்கரத்தையும் தள்ளவில்லை. அதன் வெப்ப அடக்கம் குறையவில்லை, வேலை சுழியம். குலைகள் வழக்கம்போல வெந்துவிடும், ஆலையின் விளக்குகளுக்கு மட்டும் டீசல் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டியிருக்கும்.